வேலை பார்ப்பவர், தேடுபவர், "சும்மா" இருப்பவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலை வகுப்பில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு இரண்டு வருடம் மதுரைப் பக்கம் வீடு வீடாகப் போய், வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பும் ஒப்பந்தக் களப்பணியில் இருந்தேன். உழைக்கும் வயது, பங்கேற்பு விகிதம், வேலையின்மை விகிதம் என்ற மூன்றும் வந்தாலே வகுப்பில் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப எழும். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். எண்கள் பெரும்பாலும் மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. அதை எல்லோரும் பி.எல்.எஃப்.எஸ். என்றே சொல்கிறோம்.

"உழைக்கும் வயசுன்னா எந்த வயசுல இருந்து எந்த வயசு வரைக்கும் சார்? ஒவ்வொரு புக்லயும் ஒவ்வொண்ணு போட்டிருக்கு."

புத்தகங்கள் மேல் தப்பில்லை. உலக அளவில் நாடுகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் 15 முதல் 64 வரை எடுப்பார்கள். இந்தியாவில் மக்கள்தொகை பற்றிய பேச்சில் 15 முதல் 59 வரை, ஏனென்றால் இங்கே 60 தாண்டினால் முதியோர் என்று கணக்கு. பி.எல்.எஃப்.எஸ்.-ல் தலைப்புச் செய்தியாக வரும் எண்களுக்கோ 15 வயதும் அதற்கு மேலும். மேல் வரம்பே கிடையாது. அமெரிக்காவில் 16-ல் தொடங்குகிறார்கள்.

எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் வயது வரம்பு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த எண்ணை வேறு எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

"15 வயசுப் பையன் பத்தாவது படிக்கிறான். அவனையும் உழைக்கிறவன்னு கணக்குல சேர்த்துட்டாங்களா?"

இல்லை. வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பேர் இருப்பது வேறு, வாக்குச்சாவடிக்கு வருவது வேறு. உழைக்கும் வயது மக்கள்தொகை என்பது பட்டியல். அதிலிருந்து சாவடிக்கு வந்தவர்கள்தான் உழைப்புப் படை. விரலில் மை வைத்துக்கொண்டவர்கள் வேலையில் இருப்பவர்கள். வரிசையில் இன்னும் நிற்பவர்கள் வேலையில்லாதவர்கள். வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் உழைப்புப் படைக்கு வெளியே இருப்பவர்கள்.

பத்தாவது படிக்கும் பையன் பட்டியலில் இருக்கிறான், சாவடிக்கு வரவில்லை. அவனைப் போலவே ஓய்வூதியக்காரர், வாடகை வருமானத்தில் வாழ்பவர், உடல்நிலை காரணமாக வேலை செய்ய முடியாதவர், வீட்டுவேலை மட்டும் பார்க்கும் பெண் எல்லோரும் வெளியேதான். கடைசியாகச் சொன்னவரைப் பற்றித் தனியாகவே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

"ஃபார்முலா மூணும் குழப்புது. ஒரு தடவை கணக்கு போட்டுக் காட்டுங்க."

ஒரு தெருவில் 15 வயதுக்கு மேல் 100 பேர். 57 பேர் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறார்கள். 3 பேர் தேடுகிறார்கள். மீதி 40 பேர் வேலையிலும் இல்லை, தேடவும் இல்லை.

உழைப்புப் படை 57-ம் 3-ம் சேர்த்து 60. ஆக, பங்கேற்பு விகிதம் 100-க்கு 60. வேலையில் இருப்போர் விகிதம் 100-க்கு 57. வேலையின்மை விகிதத்தை மட்டும் 100-ஆல் வகுக்கக் கூடாது. அது 60-க்கு 3, அதாவது 5 சதவீதம். பேட்சில் பாதிப் பேர் இங்கேதான் 3 சதவீதம் என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

நிஜ எண்கள் வேண்டுமென்றால், 2023-24 பி.எல்.எஃப்.எஸ். ஆண்டறிக்கையில் பங்கேற்பு 60.1, வேலையில் இருப்போர் 58.2, வேலையின்மை 3.2. மேலே சொன்ன தெருவோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால்தான் அந்த எண்களை எடுத்துக்கொண்டேன்.

"வேலையில்லாதவங்க 3 சதவீதம்தான்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? எங்க தெருவுல பாதிப் பேர் திண்ணையிலதான் இருக்காங்க."

நம்பலாம், ஆனால் அந்த எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். திண்ணையில் இருப்பவரில் ஒருவர் நேற்று நாற்று நட்டிருப்பார், இன்னொருவர் மனைவியின் பெட்டிக்கடையில் மதியம் உட்காருவார். இருவரும் கணக்கில் வேலையில் இருப்பவர்கள். மூன்றாமவர் "கிடைச்சா பாப்போம்னு தேடியும் பாத்தாச்சு, இனி நமக்கு எதுக்கு" என்று விட்டவர். அவர் படைக்கே வெளியே. தேடுகிறவர், அல்லது கிடைத்தால் இன்றைக்கே செய்யத் தயார் என்பவர் மட்டும்தான் வேலையில்லாதவர்.

இன்னொன்றும் உண்டு. வேலையில்லாமல் இருப்பதற்கே கொஞ்சம் வசதி வேண்டும். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவர் கிடைத்த எடுபிடி வேலைக்குப் போய்விடுவார். டிகிரி முடித்து, அப்பா சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, நல்ல வேலைக்குக் காத்திருப்பவர்தான் வரிசையில் நிற்க முடியும். அதனால்தான் மொத்த வேலையின்மை 3.2 என்று வந்த அதே ஆண்டில், 15 முதல் 29 வயதினரிடம் மட்டும் 10.2 என்று வந்தது. திண்ணையை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைக் கையில் எடுத்தால் பேச்சு உருப்படியாக இருக்கும்.

"வேலையின்மை குறைஞ்சா அது நல்ல செய்திதானே? அதுல என்ன சந்தேகம்?"

நம் தெருவுக்கே திரும்பிப் போவோம். தேடிக்கொண்டிருந்த 3 பேரில் 2 பேர் சலித்துப்போய்த் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். படை இப்போது 58, தேடுபவர் 1. வேலையின்மை 5-லிருந்து 1.7 சதவீதமாகச் சரிந்துவிட்டது. ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸ் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, இதுவரை வீட்டில் இருந்த 5 பெண்கள் வேலை கேட்டு வருகிறார்கள். 2 பேருக்குக் கிடைக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர் 59, தேடுபவர் 6, படை 65. வேலையின்மை 9.2 சதவீதம்! முன்பைவிடக் கூடுதலாக 2 பேர் சம்பளம் வாங்கும் தெருவுக்கு, தலைப்பில் "வேலையின்மை இரு மடங்கு" என்று வரும்.

2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 15 சதவீதத்தை நெருங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே சமயம் அங்கே பங்கேற்பு விகிதம் சுமார் 63-லிருந்து 60-க்கு இறங்கியதைப் பலரும் கவனிக்கவில்லை. ஊரடங்கில் தேடிப் பயனில்லை என்று லட்சக்கணக்கானவர்கள் தேடவே இல்லை. அவர்களும் தேடியிருந்தால் அந்த 15 இன்னும் மேலே போயிருக்கும்.

"வாரத்துல ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் வேலையில இருக்கிறதா கணக்காமே? இது ஏமாத்து வேலை இல்லையா?"

விதி உண்மை, ஆனால் அது ஒரு அளவுகோலில் மட்டும்தான். பி.எல்.எஃப்.எஸ். இரண்டு விதமாக அளக்கிறது. முதலாவது, கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தீர்கள், அதோடு 30 நாளாவது வேறு வேலை பார்த்தீர்களா என்று கேட்கும் வழக்கமான நிலை. இரண்டாவது, கடந்த 7 நாளை மட்டும் பார்க்கும் வாராந்திர நிலை. ஒரு மணி நேர விதி இந்த இரண்டாவதில் வருகிறது. இது நம் ஊர் கண்டுபிடிப்பும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்ததைத்தான் பெரும்பாலான நாடுகள் கடைப்பிடிக்கின்றன. ஒரு மணி நேர உழைப்பில் கிடைத்த பொருளும் நாட்டின் உற்பத்தியில் சேர்வதால், உழைத்தவரையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் நியாயம்.

குறை எங்கே என்றால், அந்த ஒரு மணி நேரக்காரரும் 60 மணி நேரக்காரரும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருப்பதில். போதிய வேலை இல்லாமை என்பது வேறு நோய். அதற்கு வேலை நேரமும் கூலியும் உள்ள அட்டவணைகளைப் பார்க்க வேண்டும், வேலையின்மை விகிதத்தைத் திட்டிப் பயனில்லை.

வழக்கமான நிலையிலும் ஒரு வினோதம் உண்டு. ஒரு பாட்டி நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருடத்துக்கு 40 நாள் வேலைக்குப் போனார், மற்ற நாளெல்லாம் வீட்டில்தான். முதன்மை நிலையில், அதாவது வருடத்தின் பெரும்பகுதியை வைத்துப் பார்த்தால், அவர் படைக்கு வெளியே. ஆனால் 30 நாளைத் தாண்டிவிட்டதால் துணை நிலையில் அவர் தொழிலாளி. இறுதிக் கணக்கில் உள்ளே வந்துவிடுவார்.

"ஆண்டறிக்கையில 3.2, மாசக் கணக்குல 5.1. ஒரே வருஷத்துல இவ்வளவு மோசமாயிடுச்சா?"

இல்லை. மேலே சொன்ன இரண்டு அளவுகோலும் கலந்துவிட்டதால் வந்த பீதி இது. 3.2 என்பது 2023-24-க்கான வழக்கமான நிலை. 2025 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் வரும் எண் வாராந்திர நிலை. அந்த முதல் மாதத்துக்கு 5.1 என்று வந்தது. 2023-24-லேயே வாராந்திர நிலையில் பார்த்தால் 4.9. பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியவை 4.9-ம் 5.1-ம்தான். அதிலும் ஒன்று வருடச் சராசரி, மற்றது ஒற்றை மாதம்.

"எங்கம்மா காலையில 4 மணிக்கு எழுந்து ராத்திரி 10 மணி வரைக்கும் நிக்காம வேலை செய்யறாங்க. அவங்க உழைக்கிறவங்க இல்லையா சார்?"

வகுப்பு சட்டென்று அமைதியாகும் கேள்வி இது. படிவத்தில் 92 என்று ஒரு குறியீடு உண்டு: வீட்டுவேலை மட்டும் செய்பவர். வீட்டுவேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது போன்றவையும் செய்தால் 93. இரண்டுமே உழைப்புப் படைக்கு வெளியே. உங்கள் அம்மா பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருப்பார்.

கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். சொந்த வயலில் வீட்டுச் சாப்பாட்டுக்காக நெல் விளைவித்தால் அது வேலை. அந்த அரிசியை ஊறவைத்து, அரைத்து, வீட்டுக்கு இட்லி சுட்டால் வேலை இல்லை. அதே மாவைப் பாக்கெட் போட்டுப் பக்கத்துத் தெருவில் 30 ரூபாய்க்கு விற்றால் மறுபடியும் வேலை. அரிசி அதேதான், கையும் அதேதான். கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை மட்டும் வைத்து அம்மா உள்ளே வருகிறார், வெளியே போகிறார். 2013-ல் சர்வதேசத் தொழிலாளர் புள்ளிவிவரவியலாளர் மாநாடு வீட்டுவேலையும் "வேலை"தான் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் "வேலைவாய்ப்பு" என்ற கணக்கில் சேர்க்கவில்லை. நாட்டு வருமானத்திலும் அது வருவதில்லை.

அளக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகவும், அதைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் வந்தது. வீட்டுவேலை பக்கமே போகாத ஆண்கள் அந்தச் சராசரியில் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

"வேலை செய்யற பொம்பளைங்களே கணக்குல விட்டுப்போறாங்கன்னு சொல்றாங்களே, அது எப்படி?"

களப்பணியில் ஒரு நாள், ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா. மடியில் முறம், முறத்தில் மல்லிகை மொக்கு. "என்ன வேலை பாக்குறீங்கக்கா?" என்று கேட்டேன். நாரிலிருந்து கண்ணை எடுக்காமல் "நான் சும்மாதாந் தம்பி இருக்கேன், அவருதான் வேலைக்குப் போறாரு" என்றார். பேனா 92-க்குப் போய்விட்டது. பிறகுதான் அந்தக் கை உறைத்தது. இந்தப் பூ யாருக்கு என்று கேட்டேன். பூக்கடைக்காரர் காலையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிப்போவாராம். கட்டுவதற்குக் கூலி. ஏழு வருடமாக, கிட்டத்தட்ட தினமும்.

அவருக்கு அது வேலை இல்லை. சமையலுக்கும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் செய்வது. படிவத்தின்படி அவர் முழுத் தொழிலாளி. நான் இரண்டாவது கேள்வி கேட்காமல் எழுந்திருந்தால் வெளியே போயிருப்பார். தென்காசிப் பக்கம் பீடி சுற்றுபவர்கள், வீட்டில் பட்டன் கட்டுபவர்கள், புருஷன் கடையில் சம்பளமில்லாமல் நிற்பவர்கள் எல்லோருக்கும் இதே ஆபத்து. கடைசியில் சொன்னவருக்கு 21 என்று தனிக் குறியீடே உண்டு, குடும்பத் தொழிலில் உதவியாளர். சம்பளம் இல்லாவிட்டாலும் அவர் வேலையில் இருப்பவர்.

"பெண்கள் பங்கேற்பு 23-ல இருந்து 41-ஆ ஏறிடுச்சுன்னு படிச்சேன். ஆறே வருஷத்துல அவ்வளவு வேலை எங்கிருந்து வந்துச்சு?"

எண்கள் சரிதான். 2017-18-ல் 23.3, 2023-24-ல் 41.7. ஏற்றத்தின் பெரும்பகுதி கிராமத்தில். கிராமப் பெண்கள் 24.6-லிருந்து 47.6, நகரப் பெண்கள் 20.4-லிருந்து 28.0. என்ன வேலை என்று கேட்டால்தான் கதை தெரியும். வேலையில் இருக்கும் பெண்களில் சுயதொழில் செய்பவர்கள் 51.9 சதவீதத்திலிருந்து 67.4-ஆகப் பெருகினார்கள். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 21-லிருந்து 15.9-ஆகச் சுருங்கியது. சுயதொழில் என்றதும் கடை வைத்த முதலாளி அம்மாவை நினைக்காதீர்கள், மேலே சொன்ன 21 என்ற குறியீட்டுக்காரர்களும் இதற்குள்தான் அடக்கம்.

காரணம் பற்றிப் பொருளாதார அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. குடும்ப வருமானம் போதாமல், குறிப்பாகக் கொரோனாவுக்குப் பிறகு, பெண்கள் வயலுக்கும் மாட்டுக்கும் திரும்பினார்கள் என்பது ஒரு கட்சி. குடிநீர்க் குழாய், கேஸ் அடுப்பு, சுய உதவிக் குழுக் கடன் எல்லாம் நேரத்தையும் வழியையும் கொடுத்தன என்பது இன்னொரு கட்சி. களப்பணியாளர்கள் இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டார்கள், முன்பு 92-ல் இருந்தவர்களே இப்போது 21-ல் வருகிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் மாதச் சம்பளப் பங்கு குறைந்திருக்கும்போது இதை வேலைவாய்ப்புப் புரட்சி என்று மேடையில் முழங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"நாடு பணக்கார நாடா ஆகும்போது பெண்கள் வேலைக்குப் போறது குறையுமாமே? தலைகீழா இருக்கே?"

கொஞ்ச காலத்துக்குக் குறைவதுண்டு. வயலும் வீடும் ஒன்றாக இருக்கும் ஏழை நாட்டில் பெண்கள் நிறைய வேலை செய்கிறார்கள். வேலை ஆலைக்கு நகரும்போது, ஆண் சம்பளம் கொஞ்சம் ஏறும்போது, வீட்டிலிருப்பது கௌரவமாகிவிடுகிறது. பிறகு பெண்கள் படித்து, அலுவலக வேலைகள் வந்ததும் மறுபடி ஏறுகிறது. வரைந்தால் ஒரு கிண்ணம் போல இருக்கும். அமெரிக்காவின் 200 ஆண்டுக் கணக்கை வைத்து இதைக் காட்டிய கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. எல்லா நாடும் இதே பாதையில் போகும் என்று சட்டம் இல்லை.

"நிறைய பேர் காலேஜ் சேர்ந்தா பங்கேற்பு குறையுமே, அதுவும் கெட்டதா?"

இல்லை. இரண்டாவது கேள்வியின் பத்தாம் வகுப்புப் பையனேதான், மூன்று வருடம் வளர்ந்திருக்கிறான். 18 வயதுக்காரர்களிடம் பங்கேற்பு குறைவது நல்ல அறிகுறியாகவே இருக்கலாம். 30 முதல் 50 வயதினரிடம் குறைந்தால் கவலைப்படுங்கள்.

"தமிழ்நாட்டுல உழைக்கும் வயசு ஜனம் குறையுதுங்கறாங்க. திருப்பூர்ல போய்ப் பார்த்தா அப்படித் தெரியலையே?"

திருப்பூரில் நீங்கள் பார்க்கும் இளைஞர்களில் பலர் பீகாரிலோ ஒடிசாவிலோ பிறந்தவர்கள். அதுவே பதிலில் பாதி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை நிலையாக நிற்கவே 2.1 வேண்டும். 2011-லேயே இங்கே 60 தாண்டியவர்கள் 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6. கேரளம் நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் குறைவை ஈடுகட்ட வெளியூர்க்காரர்கள் ஒரு வழி. வீட்டில் இருக்கும் பெண்கள் இன்னொரு வழி. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதையும் நான் இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்ப்பேன். 8,000 ரூபாய் சம்பளத்தில் பஸ்ஸுக்கே 1,000 போனால் வேலைக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும்.

"இளைஞர்கள் அதிகமா இருந்தா நாடு தானா முன்னேறிடும், அதானே மக்கள்தொகைப் பலன்?"

"தானா" என்ற சொல்லை எடுத்துவிட்டால் சரி. சம்பாதிக்கும் வயதினர் அதிகம், அவர்களை நம்பியிருக்கும் குழந்தைகளும் முதியோரும் குறைவு என்றால் மிச்சம் பிடிக்கலாம். சார்பு விகிதம் என்று படிப்பது இதைத்தான். ஆனால் அந்த விகிதம் வயதை மட்டும் பார்க்கிறது. 25 வயதில் வேலையில்லாமல் அப்பாவை நம்பியிருப்பவரையும் அது தாங்குபவர் பக்கம்தான் எழுதுகிறது. பட்டியல் நீளமாக இருந்து என்ன, சாவடிக்கு ஆள் வர வேண்டும்.

ஜப்பானில் உழைக்கும் வயதினர் எண்ணிக்கை 1990-களின் நடுவிலிருந்தே இறங்குகிறது. பெண்களையும் 65 தாண்டியவர்களையும் வேலைக்கு இழுத்து, அந்த இறக்கத்தை அவர்கள் ஓரளவு ஈடுகட்டினார்கள். நமக்குப் பட்டியல் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது, சாவடிதான் போதவில்லை.

"எங்க வீட்டுக்கு யாருமே வந்து கேட்டதில்ல. அப்புறம் எப்படி 140 கோடி பேருக்கும் கணக்கு சொல்றாங்க?"

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். 2023-24-ல் சுமார் 1 லட்சம் குடும்பங்களில் 4 லட்சத்துக்கும் கூடுதலானவர்களிடம் கேட்டார்கள். 2025-லிருந்து 2.7 லட்சம் குடும்பங்கள். நாட்டுக்கும் பெரிய மாநிலங்களுக்கும் இது போதும். உங்கள் தெருவுக்கு இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எனக்கு மாதிரியின் அளவைவிட, பதில் சொல்வது யார் என்பதில்தான் கவலை அதிகம். பகல் 11 மணிக்குக் கதவைத் திறப்பவர் பெரும்பாலும் மாமியாரோ தாத்தாவோதான். வீட்டிலுள்ள எல்லோருக்குமாக அவரே பதில் சொல்வார். மருமகள் ஆன்லைனில் புடவை விற்பது அவருக்கு "போன் நோண்டிட்டு இருக்கா" என்றுதான் தெரியும்.

"அப்படி யாராவது வந்தா என்ன சொல்லணும்?"

ஒவ்வொருவரைப் பற்றியும் அவரவரே சொன்னால் நல்லது. பால் ஊற்றுவது, மாவு விற்பது, டியூஷன் எடுப்பது, கடையில் நிற்பது எதையும் விடாதீர்கள். "சும்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான்கு மாதம் தொடர்ந்து வருவார்கள், போன் நம்பர் கேட்பார்கள், சலித்துக்கொள்ள வேண்டாம். ஓ.டி.பி. கேட்டால் மட்டும் கதவைச் சாத்திவிடுங்கள், அவர் வேறு கணக்கெடுக்க வந்தவர்.